யூஜினியாவின் செவ்வாய்க்கிழமை ரொட்டி

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பெரிய ஆராய்ச்சிக்காரன் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். சர்க்கரை ஏறிவிட்டது, இனிமேல் வெள்ளை ரொட்டியைத் தொடாதே என்று டாக்டர் சொன்னார். முழுக்கோதுமை ரொட்டியை வீட்டிலேயே சுட்டுக்கொள்கிறேன் என்று நானும் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மலேசியாவின் குவாலா குபு பாருவில் என் வீட்டு ஓவனிலிருந்து வெளியே வருவதெல்லாம் செங்கல்தான்.

பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் அக்கா துணி காயப்போட வந்தவர், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தார். கதவைத் தட்டுவதுபோல விரல் முட்டியால் தட்டினார்.

"உள்ள யாரும் இருக்கீங்களா?" என்று ரொட்டியிடம் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஆட்டா மாவுன்னா இப்படித்தான்க்கா வரும்" என்றேன்.

"யாரு சொன்னா? எங்கம்மா ஆட்டா மாவுலதான் சுடும். கள்ளு ஊத்தி, மண்ணெண்ணெத் தகரத்துல வச்சு. பஞ்சு மாதிரி இருக்கும். அந்த ரொட்டியாலதான் ஒரு தடவ போலீஸ்ல மாட்டிக்கிச்சு."

"ரொட்டிக்கு எதுக்குக்கா போலீஸ்?"

"அவசரகாலம்லா, தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினார்.

அவ்வளவுதான். ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? செங்கலைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். [மாவுப் பாத்திரத்தை யார் கழுவுவது என்று வீட்டில் கேட்டார்கள். அது இந்தக் கதையில் வராது.]

2.

முதல் தொடக்கம்: "1952. வட சிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களின்மேல் மூடுபனி ஒரு—"

நிறுத்திவிட்டேன். தோட்டத்துக் கதை என்றால் மூடுபனி இறங்கியே ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

இரண்டாம் தொடக்கம்: "யூஜினியா எதற்கும் அஞ்சாதவள்." இதை வேலியோரம் நின்று வாசித்துக் காட்டினேன். "எங்கம்மாவா? பல்லி கத்துனா கட்டில்மேல ஏறி நிக்கும்" என்றார் பியாட்ரிஸ் அக்கா. அதையும் அடித்துவிட்டேன்.

(உண்மையைச் சொன்னால், பயப்படுகிறவள்தான் எனக்கு வசதி. அஞ்சாதவளை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது? அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பாள்.)

மூன்றாம் தொடக்கம், இதுவே நிற்கட்டும்:

யூஜினியா பலகையில் ஆட்டா மாவைக் கொட்டி, நடுவில் குழி பறித்து வைத்துவிட்டுக் காளியம்மாவுக்காகக் காத்திருந்தாள். ராசா என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு அதிக நாள் ஆகவில்லை. காளியம்மா அடுத்த வீட்டுக்காரி, தோட்டத்துக் கள்ளுக்கடையில் போய் நிற்கக் கூச்சப்படாதவள். யூஜினியாவோ கோயிலில் செபமாலை முன்னின்று சொல்பவள். அவள் கள்ளுக்கடைப் படியை மிதித்தால் ஊர் சும்மா இருக்குமா? அதனால் ரொட்டி சுடுகிற நாளெல்லாம் காளியம்மாதான் கள்ளு வாங்கி வருவாள். வருகிற வழியில் அது கொஞ்சம் குறையும்.

"இந்தா புள்ள, ஒன் சாமிக்கு" என்று போத்தலை நீட்டினாள் காளியம்மா. "கள்ளு ஊத்துன ரொட்டிய ஏத்துக்கிற சாமி. எங்க முனியாண்டி மாதிரியே நல்ல சாமிலா."

"பாதிப் போத்தல்தான இருக்கு."

"மீதி பொங்கிருச்சு."

"எங்க பொங்குச்சு? ஒங்க வாயிலயா?"

சொல்லிவிட்டு யூஜினியா சிரித்தாள். காளியம்மா அவளை உற்றுப் பார்த்தாள். தம்பி ஜூலியஸ் வேலைக்குப் போன இடத்திலிருந்து காணாமல் போன நாள் முதல் இந்த முகத்தில் சிரிப்பையே பார்த்ததில்லை. காட்டு ஆட்கள், அதாவது வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகள், பிடித்துக்கொண்டு போனார்கள் என்றது ஒரு கூட்டம், அவனாகவே போய்ச் சேர்ந்துகொண்டான் என்றது இன்னொரு கூட்டம், செத்துப்போனான் என்று சொன்னவர்களும் உண்டு. அப்படிப்பட்டவள் இன்றைக்குச் சிரிக்கிறாள். காளியம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்தக் காலத்தில் நல்லது.

யூஜினியா கள்ளை ஊற்றி, உப்பும் சீனியும் போட்டுப் பிசைந்தாள். ஆட்டா மாவில் தவிடு இருக்கிறது. அது ஈரத்தைக் குடிக்க நேரம் கொடுக்க வேண்டும், அவசரப்பட்டால் கல்லாகிவிடும். கொஞ்சம் பிசைந்து, ஓய விட்டு, மறுபடியும் பிசைந்து, ஈரத்துணி போட்டு அடுப்பங்கரையில் வைத்தாள். பிறகு பால் டின்களுக்கு எண்ணெய் தடவினாள். எல்லா டின்னுக்கும் அடியில் ஓட்டை. கடைக்காரர் விற்கும்போதே குத்தித்தான் கொடுப்பார். முழு டின்னாகக் காட்டுக்குள் போய்விடக் கூடாதாம். அந்த ஓட்டை வழியாக மாவு கொஞ்சம் பிதுங்கி, வெந்து வரும்போது ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு தொப்புள் இருக்கும். மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் டின்களை அடுக்கி, மேலேயும் கீழேயும் தணலைப் போட்டாள். வாசனை லயம் முழுக்கப் பரவியது.

3.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

ஒன்று அவசரகாலச் சட்டம். வேலிக்கு வெளியே சாப்பாடு போகக் கூடாது. ஒரு பிடி அரிசி, ஒரு உருண்டைச் சோறு, எதுவுமே. ரப்பர்ப் பாலுக்காக மரப்பட்டை வெட்டப் போகிறவர்களும் வெறுங்கையோடுதான் போகவேண்டும், அவர்கள் சோறு காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். வாசலில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். மாட்டினால் சிறை. காட்டோடு தொடர்பு என்ற சந்தேகம் வந்துவிட்டால் தடுப்புக்காவல், அதற்கப்புறம் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். யூஜினியாவுக்கும் அவள் புருஷன் ராஃபேலுக்கும் அங்கே போய் இறங்கினால் ஒரு வாசல் கூடத் தெரியாது. இருவருமே இந்த மண்ணில் பிறந்தவர்கள்.

இன்னொன்று வழக்கம். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோணியார். "கேட்டதைக் கொடுங்கள், செவ்வாய்க்கிழமை ரொட்டி கொடுக்கிறேன்" என்று அவரிடம் நேர்ந்துகொள்வார்கள். கேட்டது கிடைத்த பிறகுதான் ரொட்டி, முன்னால் இல்லை. அந்த ரொட்டியை வாங்குகிறவர் "கேட்டது கெடைச்சுதா?" என்று விசாரிப்பது மரியாதை. "கெடைச்சுது" என்று பதில் வரும். வாங்கினவர் அதைத் தின்றுவிட்டுக் கொடுத்தவருக்காக ஒரு செபம் சொல்ல வேண்டும். தின்றால் கடமை வந்துவிடும்.

(என் குடும்பம் முருகன் கோயில் குடும்பம். இதெல்லாம் பியாட்ரிஸ் அக்கா சொல்லித்தான் தெரியும். அவர்கள் தோட்டத்தில் இப்படி, உங்கள் ஊரில் வேறு மாதிரி இருக்கலாம். சண்டைக்கு வராதீர்கள்.)

யூஜினியாவின் நேர்ச்சை இதுதான்: என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், அந்தோணியாரே, ரொட்டி கொடுக்கிறேன்.

இப்போது ரொட்டி தணலில் இருக்கிறது. அப்படியானால்—

4.

அப்படியானால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது?

"அம்மா அதச் சொல்லல" என்றார் பியாட்ரிஸ் அக்கா. "இல்ல தம்பி, தெரிஞ்சுதான் சுட்டுச்சுன்னு நீயா முடிவு பண்ணாத. கெடைக்கணும்னு முன்கூட்டியே குடுத்தேன்னுதான் எங்கம்மா எப்பவும் சொல்லும்."

"முன்கூட்டி யாரும் குடுக்க மாட்டாங்கன்னு நீங்கதான்க்கா சொன்னீங்க."

"சொன்னேன்தான்" என்று சொல்லிவிட்டு, காய்ந்துபோன ஒரு சட்டையை மறுபடியும் கொடியில் போட்டார்.

சரி, நானே ஏதாவது கண்டுபிடித்தாக வேண்டும். "அந்த இரவில் ஜன்னலை யாரோ மெதுவாக—" நடக்காது. ஊரடங்கு நேரத்தில் வேலிப்பக்கம் வந்தால் சுட்டுவிடுவார்கள். "வழிப்போக்கன் ஒருவன் வந்து, 'அம்மா, உன் தம்பி'—" இது சினிமா. ரொம்ப யோசித்த பிறகு இதை எழுதினேன்:

காட்டோரத்துக் கடைசி மரத்துக்கு யூஜினியா பால் வெட்ட வந்தபோது, அதை ஏற்கெனவே யாரோ வெட்டியிருந்தார்கள். பால் கோப்பையில் இறங்கிக்கொண்டிருந்தது. வெட்டு முடிகிற இடத்தில் பட்டை லேசாகக் கிழிந்து ஒரு சின்ன வால் நின்றது. ஜூலியஸ் கத்தியைச் சட்டென்று தூக்கிவிடுவான். மரம் கெட்டுப்போகும் என்று கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் நாராயணசாமி அதற்காக அவனைத் திட்டாத நாளில்லை. யூஜினியா கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பிக் காட்டைப் பார்க்க ஆசை. பார்த்தால் அவன் கண்ணில் பட்டுவிடுவானோ, பட்டால் கூப்பிட்டுவிடுவோமோ என்று பயம். பார்க்கவே இல்லை. கத்தியை எடுத்து அந்த வாலைச் சீவி எறிந்தாள். அவன் வெட்டின்மேலேயே தன் வெட்டைப் போட்டாள். "இருக்கியாடா, பாவி" என்று மரத்திடம் சொன்னாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

இதைப் பியாட்ரிஸ் அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு தானே வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"மாமா மரம் வெட்டலன்னு நெனைக்கிறேன், தம்பி. பொகைக்கூட்டுல ரப்பர் ஷீட்டு காயப்போடுற வேலன்னு யாரோ சொன்னாங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. "அப்ப எடுத்துடட்டுமாக்கா?"

"எடுத்துராத" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கட்டும்."

அதனால் இருக்கிறது. இது நடந்திருக்காது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

5.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், யூஜினியா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, கூடையை வெள்ளைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு கம்பி வாசலுக்கு வந்தாள். மண்டோரிடம் அரை நாள் கேட்டிருந்தாள். குவாலா குபு பாரு கோயில் வாசலில் வைத்து ஏழைகளுக்குக் கொடுப்பதாகத்தான் நேர்ச்சை.

[வெளியே சாப்பாடு போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இந்த இடத்தில்தான் நான் பல நாள் மாட்டிக்கொண்டு முழித்தேன். பியாட்ரிஸ் அக்காதான் அவிழ்த்துவிட்டார்: "நேர்ந்துக்கிட்டது எப்படித் தம்பி சாப்பாடாகும்?"]

காவலுக்கு நின்றவன் கொர்னேலியஸ். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலைக்கு மலாய்க்காரர்கள்தான் நிறையப் பேர். அங்கங்கே நம் ஆட்களும் இருந்தார்கள். இவன் யூஜினியா போகிற அதே கோயிலுக்குப் போகிறவன்.

"என்னக்கா இது?"

"நேர்ச்ச ரொட்டி, தம்பி. கோயிலுக்கு."

"சாப்பாடு வெளிய போகக்கூடாதேக்கா."

"இது சாப்பாடு இல்ல. அந்தோணியாரோடது."

"அந்தோணியாரே வந்தாலும் தடவிப் பாத்துத்தான்க்கா விடணும்."

பின்னால், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எல்லார் மூக்கிலும் ரொட்டி வாசனை. யூஜினியா நகரவில்லை. சாமிக்குச் சொன்ன வார்த்தையை எப்படித் திருப்பி வீட்டுக்கு எடுத்துப் போவது? கண் கலங்கிவிட்டது.

"வெளியதான போகக்கூடாது?" என்றாள் வரிசையில் நின்ற காளியம்மா. "இங்ஙனயே குடுத்துரு புள்ள. நாங்களும் ஏழதான். வயித்துக்குள்ள வச்சுக் கொண்டுபோனா சட்டம் என்னா செய்யும்?"

கொர்னேலியஸ் யோசித்தான். அதற்கு எதிராக அவனுக்கு ஒரு சட்டமும் ஞாபகம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு ரொட்டியையும் அவனே பிட்டு, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்கவிட்டான். ஒன்றும் இல்லை. தவிட்டு நிறத்தில் பஞ்சுபோல ரொட்டி, அவ்வளவுதான். வாங்கினவர்கள் வாசலுக்கு உள்பக்கமே நின்று தின்றார்கள். "வாயத் தொற. முழுங்கிட்டுப் போ" என்று கொர்னேலியஸ் ஒவ்வொருவரையும் பார்த்து அனுப்பினான். காளியம்மா நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போனாள். மண்டோர் நாராயணசாமி இரண்டு முறை வரிசையில் வந்தார். விடியுமுன் சமைக்க யாருக்கு நேரம், வேலைக்குப் போகும்போது வயிற்றில் எதுவாவது இருந்து எத்தனை நாளாயிற்று. யூஜினியாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கோயில் வாசலில் கொடுத்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது என்று தோன்றியது.

கடைசி ரொட்டியைக் கொர்னேலியஸிடம் நீட்டினாள். அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் சிலுவை போட்டு வாங்கினான். அதே பழக்க தோஷத்தில் கேட்டான்:

"கேட்டது கெடைச்சுதாக்கா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் எதைக் கேட்டு நேர்ந்துகொண்டாள் என்பது கோயிலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். இத்தனை பேருக்கு ரொட்டி கொடுத்து, என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று தானே ஊருக்குச் சொல்லியாயிற்று. இருக்கிறான் என்றால் எங்கே இருக்கிறான், உனக்கு யார் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும். சாமியை நினைத்தவள் சட்டத்தை மறந்துவிட்டாள். 

"இல்ல தம்பி" என்றாள். "கெடைக்கணும்னு முன்கூட்டியே குடுக்கிறேன்."

கொர்னேலியஸ் அவள் முகத்தைப் பார்த்தான். முன்கூட்டி யாரும் கொடுப்பதில்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது வாசலுக்கு வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி இறங்கி வந்தார். காலிக் கூடையைப் பார்த்தார், கொர்னேலியஸ் கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தார், இது என்ன என்று மலாயில் கேட்டார்.

6.

கொர்னேலியஸ் என்ன சொன்னான்?

அ) "வேண்டுதல் ரொட்டி, துவான். கேட்டது கிடைத்ததற்கு நன்றியாகக் கொடுக்கிறாள்." உண்மையைச் சொன்னால் இதுதான் நடந்திருக்கும். அப்படிச் சொல்லியிருந்தால் யூஜினியாவும் ராஃபேலும் கப்பலேறியிருப்பார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து பியாட்ரிஸ் அக்கா இங்கே பிறந்திருக்க மாட்டார், என் ரொட்டியைத் தட்டிப் பார்த்து மானத்தை வாங்கியிருக்கவும் மாட்டார். அடித்துவிட்டேன்.

ஆ) "சும்மா ரொட்டி, துவான்." இதுவும் இல்லை. அப்படியென்றால் எதற்கு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்? சாயங்காலம்வரை ஸ்டேஷனில் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் விட்டிருக்கிறார்கள். அவளும் திரும்பத் திரும்ப அதே ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். பல்லிக்குப் பயப்படுகிற அந்த மனுஷி.

இ) "கிடைப்பதற்கு முன்னாலேயே கொடுக்கிறாள், துவான். எங்கள் கோயில் வழக்கம் அதுதான்."

இதைத்தான் சொல்லியிருப்பான். அவள் சொன்னதை நம்பிச் சொன்னானா, பொய் என்று தெரிந்தே சொன்னானா? தெரிந்தே சொன்னது வெளியே வந்திருந்தால் அவன் வேலையும் போயிருக்கும், அவனும் உள்ளே போயிருப்பான். இதை மட்டும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

"ஒண்ணு மட்டும் அம்மா மறக்காம சொல்லும்" என்றார் பியாட்ரிஸ் அக்கா. "அந்த வெள்ளக்காரத் தொர முன்னாடியே கொர்னேலியஸ் மாமா அந்த ரொட்டிய முழுசாத் தின்னாராம். தண்ணிகூடக் குடிக்கலயாம். விக்கிக்கிட்டே தின்னாராம்."

தின்றால் செபம் சொல்லும் கடமை வந்துவிடும் என்று மேலே சொன்னேன். அவனுக்கும் அது தெரியும்.

7.

அதற்குப் பிறகு யூஜினியா ஒவ்வொரு செவ்வாயும் ரொட்டி சுட்டாள். சாகிறவரைக்கும். ஜூலியஸ் வரவே இல்லை.

இதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. முன்கூட்டியே கொடுக்கிறேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். நிறுத்தினால் கேட்டது கிடைத்துவிட்டது என்று ஆகிவிடும், போலீஸ் மறுபடியும் வரும். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் அவள் வாரா வாரம் மாவு பிசைந்தாள். ஓடிப்போய் வேலியோரம் நின்று சொன்னேன். கதை முடிந்தது என்று எனக்கு ஒரே குஷி.

"ஒரே ஒரு செவ்வாக்கெழம சுடல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் அக்கா.

"அன்னைக்கு என்னக்கா நடந்துச்சு?"

"ஆட்டா கெடைக்கல."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, கொடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அவசரகாலம் அறுபதுலயே முடிஞ்சுபோச்சே, தம்பி. வேலிய எடுத்துட்டாங்க, போலீசும் போயிருச்சு. அதுக்கப்பறம் யாருக்குப் பயந்து சுட்டுச்சு?"

என்னிடம் பதில் இருந்தது. பயத்தில் சொன்ன பொய்தான் அது, ஆனால் வருஷம் போகப் போக, தம்பி வராமலேயே இருக்க இருக்க, அதுவே நிஜமாகிப் போயிருக்கும். கிடைத்ததற்காகச் சுடத் தொடங்கியவள் கடைசியில் கிடைக்கவேண்டும் என்றுதான் சுட்டிருப்பாள். இதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினேன், அடித்தேன், இப்போது மறுபடியும் எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்றால் நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். அவள் மகளுக்குச் சொன்னதுதான் நிஜம், மரத்தில் வாலும் இல்லை ஒன்றும் இல்லை, முதல் நாளிலிருந்தே அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்று முடித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்றைக்கு என் ரொட்டி பொங்கியது. கள்ளு கிடைக்கவில்லை, கடை ஈஸ்ட்தான். இரண்டாம் பகுதியில் யூஜினியா மாவை ஓய விட்டதாக எழுதினேனே, அப்படியே செய்து பார்த்தேன். சூடு ஆறுவதற்குள் வேலியோரம் எடுத்துப் போய் நீட்டினேன். அக்கா தட்டிப் பார்க்கவில்லை. பிட்டு மோந்து பார்த்தார். கிழமை எனக்கு ஞாபகமே இல்லை. அவருக்கு இருந்தது.

"கேட்டது கெடைச்சுதா, தம்பி?"

"இல்லக்கா" என்றேன். "முன்கூட்டியே குடுக்கிறேன்."

"என்னா கேட்ட?"

"மாமா உயிரோட இருந்தாரா இல்லையான்னு."

அக்கா என்னைப் பார்த்தார். கையில் இருந்த துண்டைப் பார்த்தார். பிறகு அதை வாயில் போட்டுக்கொண்டு மெதுவாக மென்றார். முழுங்கி முடிக்கும்வரை நானும் நின்றேன். உங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். வாங்கித் தின்றுவிட்டால் அப்புறம் செபம் சொல்லிக் கேட்கவேண்டியது உங்கள் பாடு.